ஏற்காட்டில் இரண்டு நாள் மேலாளர் பயிற்சி: போகலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறை 9 பேரிலிருந்து 40 பேராக வளர்ந்துவிட்டது. என்னை மேலாளர் என்கிறார்கள். நானோ இன்னும் தராசடியில்தான் நிற்கிறேன். முதலாளி அனுப்பிவைத்ததால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

முதல் நாள் வீண். திரையில் அமெரிக்க நிறுவனங்களின் படங்கள், கைதட்டச் சொல்லும் விளையாட்டுகள். காபித் தோட்டத்துக்கு நடுவே உட்காரவைத்து இன்ஸ்டன்ட் காபி கொடுத்ததை மன்னிக்கவே முடியாது.

இரண்டாம் நாள் பயிற்சியாளர் ஆளுக்கொரு தாளை நீட்டினார். "நேற்று உங்களுக்கு வந்த போன்களை எழுதுங்கள். நீங்கள் இல்லாமலே தீர்ந்திருக்கக்கூடியவற்றை அடித்துவிடுங்கள்."

எனக்கு வந்தவை 17. அடித்தது 14. பாலிஷ் போடும் பையன் விடுப்பு கேட்டது, பெட்டி வந்து இறங்கியது, எல்லாம் என் காதுக்குத்தான் வந்திருக்கிறது. எடை குறைந்தால் எதுவரை சேதாரம் என்று ஏற்கலாம் என்பதை ஐந்து வருடமாக யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளி ஏன் அடுத்த தராசுக்கு ஆளைத் தயார் செய்யச் சொல்லி நச்சரிக்கிறார் என்பது அங்கேதான் உறைத்தது.

கட்டணம் 6,500 ரூபாய். அந்தத் தாளுக்குக் கொடுக்கலாம்; முதல் நாளுக்குப் பாதியைத் திருப்பிக் கேட்பேன். போகிறவர்கள் ஸ்வெட்டரோடு நல்ல காபித்தூளும் எடுத்துச் செல்லுங்கள்.