இந்தியாவுல வேர்ல்ட் கப் நடத்தலாமா? 2017-ல டிக்கெட் எடுத்துப் பாத்தவனோட ரிவ்யூ

இந்தியா ஃபுட்பால் வேர்ல்ட் கப் நடத்துற அளவுக்கு ரெடியான்னு கேட்டா நான் 2017 அண்டர்-17 வேர்ல்ட் கப்பத்தான் சொல்லுவேன். உலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபா நம்ம நாட்டுல நடத்துன மொத டோர்னமென்ட் அது, நானும் கோயமுத்தூர்ல ரயில் ஏறி கொச்சிக்குப் போய் காசு குடுத்துப் பாத்தவன். சுருக்கமா சொல்றேன், ஃபிஃபாகாரங்க வந்து செக் பண்ற எடத்துக்கெல்லாம் அஞ்சுக்கு அஞ்சு, அவங்க எட்டிப் பாக்காத எடத்துக்கு ரெண்டு குடுத்தாலே ஜாஸ்தி.

நான் பாத்தது அக்டோபர் 7, கலூர் ஸ்டேடியத்துல பிரேசில் ஸ்பெயின் மேட்ச். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சாங்க, கொச்சில அந்த நேரத்துக்கு சும்மா உக்காந்திருந்தாலே சட்ட நனைஞ்சிரும், இந்தப் பசங்க பதினேழு வயசுல அந்தப் புழுக்கத்துல என்னா ஓட்டம் ஓடுனாங்க! அஞ்சாவது நிமிஷமே பிரேசில்காரன் தன் கோல்லயே போட்டு ஸ்பெயினுக்கு லீடு, அப்புறம் பிரேசிலுக்கு லிங்கன் ஒண்ணு, பாதி ஆட்டம் முடியுற நேரத்துல பாலினியோ ஒண்ணு, 2-1, அவ்ளோதான். புல்லு கார்ப்பெட் விரிச்ச மாதிரி இருந்துச்சு, பந்து எங்கயும் துள்ளல. ஸ்டேடியம் வாசல்ல மெட்ரோ ஸ்டேஷன், அது தொறந்ததே அக்டோபர் 3-ல, அதாவது மேட்சுக்கு நாலே நாள் முன்னாடி. நம்ம ஊர் ஸ்டைல்ல கடைசி நேர வேலதான், ஆனா ஓடுச்சே, அது போதும். நான் தங்குன லாட்ஜ்காரரு மட்டும் மேட்ச் நாளுன்னு வாடகைய ஏத்திட்டாரு, அது டோர்னமென்ட் தப்பு இல்ல, விடுங்க.

இதே கலூர்ல நம்ம நாட்டு ஃபுட்பால் லீக்கான ஐஎஸ்எல் மேட்சுக்கு அம்பதாயிரம் பேருக்கு மேல உள்ள விட்டிருக்காங்க. ஃபிஃபா வந்து பாத்துட்டு 29 ஆயிரம் பேர்தான்னு சொல்லிட்டாங்க. ஏதாவது ஒண்ணுன்னா அத்தன பேரும் சீக்கிரம் வெளிய போகணும்ல, அதான் கணக்கு. ஸ்டேடியம் கட்டடத்துல இருந்த கடைகளையும் காலி பண்ண வச்சாங்க, கடைக்காரங்க கோர்ட்டு வரைக்கும் போனாங்க. அப்போ இத்தன வருஷம் அங்க உக்காந்து கத்துன நம்ம உசுருக்கு யாரும் கணக்கு பாக்கலையா? எனக்கு இன்னிக்கும் உறுத்துறது இதுதான்.

டெல்லி இன்னும் மோசம். மொத நாளே, இந்தியா மேட்ச் அன்னிக்கே, ஸ்டேடியத்துல குடிக்கத் தண்ணி இல்ல, வெளிய இருந்து பாட்டில் கொண்டு போகவும் கூடாது, கூட்டத்துல ஏகப்பட்ட ஸ்கூல் பசங்க வேற. அப்புறம் நடத்துனவங்க மன்னிப்பு கேட்டாங்க. கவுஹாத்தில மழை பேஞ்சு கிரவுண்டு சேறாயி, பிரேசில் இங்கிலாந்து செமிஃபைனல ரெண்டு நாள் முன்னாடி கொல்கத்தாவுக்கு மாத்துனாங்க.

ஆனா கூட்டத்த குறை சொல்லவே முடியாது. திடீர்னு மாத்துன அந்த செமிஃபைனலுக்கே கொல்கத்தாவுல 60 ஆயிரத்துக்கு மேல வந்தாங்க, ஃபைனலுக்கு 66,684 பேர். அதுல இங்கிலாந்து ரெண்டு கோல் பின்னாடி இருந்து 5-2-ன்னு ஜெயிச்சது, இங்கிலாந்து பையன் ஃபில் ஃபோடன ஊரே கண்டுக்கிட்டது அங்கதான். மொத்த டோர்னமென்டுக்கும் 13 லட்சத்து 47 ஆயிரம் பேர், 1985-ல சைனா வச்சிருந்த ரெக்கார்ட உடைச்சாச்சு. டிக்கெட்டும் நூறு ரூபாய்க்குள்ளயே கெடச்சுது, அதுக்கு தனியா ஒரு ஸ்டார்.

டோர்னமென்ட் முடிஞ்சப்புறம்தான் கூத்து. ஒரு வருஷம் கூட ஆகல, 2018-ல கலூர் கிரவுண்டுல இந்தியா வெஸ்ட் இண்டீஸ் ஒன்டே நடத்தணும்னு கெளம்பிட்டாங்க, அதுக்கு அந்தப் புல்ல நடுவுல தோண்டி பிட்ச் போடணும். சச்சின், ஃபுட்பால் பிளேயருங்க சுனில் சேத்ரி, சி.கே.வினீத்துன்னு எல்லாரும் சத்தம் போட்டப்புறம்தான் மேட்ச் திருவனந்தபுரம் போச்சு. 2022-ல பொண்ணுங்க அண்டர்-17 வேர்ல்ட் கப்புக்கு ரெண்டு மாசம்கூட இல்லாதப்போ ஃபிஃபா நம்ம ஃபெடரேஷனையே சஸ்பெண்ட் பண்ணிருச்சு, பத்து நாள் கழிச்சு எடுத்ததால தப்பிச்சோம். 2025 டிசம்பர்ல மெஸ்ஸி வந்தப்ப கொல்கத்தாவுல அந்த ஃபைனல் நடந்த அதே சால்ட் லேக் ஸ்டேடியத்துல என்னாச்சு? ஆயிரக்கணக்குல குடுத்து டிக்கெட் எடுத்தவனுக்கு மெஸ்ஸி கண்ணுலயே படல, சுத்தி விஐபி கூட்டம், சேரும் பாட்டிலும் பறந்துச்சு. அந்த நிகழ்ச்சிக்கு செக் பண்ண ஃபிஃபா ஆள் கெடையாது பாருங்க.

அதனால 2017 மாதிரி 24 டீம், ஆறு ஊருன்னா கண்ண மூடிக்கிட்டு எஸ். பெரியவங்க வேர்ல்ட் கப் இப்ப 48 டீம், 104 மேட்ச், ஸ்டேடியம் ஒவ்வொண்ணும் கொறஞ்சது 40 ஆயிரம் சீட், ஃபைனலுக்கு 80 ஆயிரம், அதெல்லாம் இப்போதைக்கு வேணாம் சாமி. ஃபுட்பால் ஆசியக் கோப்பைக்கே, 2027-ல நடத்துறோம்னு விண்ணப்பம் போட்டுட்டு நாமளே வாபஸ் வாங்கிட்டோம்.

கலூருக்கு மேட்ச் பாக்கப் போறவங்களுக்கு: கார் எடுத்துட்டுப் போகாதீங்க, மெட்ரோல போங்க, கடைசி ட்ரெயின் எத்தன மணிக்குன்னு உள்ள நொழையுறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க, வயிறு ரொம்ப சாப்ட்டு தண்ணி குடிச்சிட்டு உள்ள போங்க.