ஒரே குழிக்கு இரண்டு வைத்தியம்

பினாங்குத் தீவில், குளுகோர் பக்கம் மோட்டார் சைக்கிளில் இடியாப்பம் விற்கிறவள் நான். பேருந்து வந்து நிற்கும் இடத்தில் ஒரு குழி இருந்தது. மழைத் தண்ணீர் நிறைந்துவிட்டால் குழியென்றே தெரியாது. ஒருநாள் விடியலில் முன்சக்கரம் அதில் இறங்கி, தேங்காய்ப்பூ டப்பா திறந்து சாலையெல்லாம் வெள்ளை. அன்றைய வியாபாரம் போச்சு.

கைப்பேசியில் புகார் போட ஐந்தே நிமிடம். ஆனால் தீவைச் சுற்றும் 6ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை, அதாவது மத்திய அரசுடையது. மற்ற சாலைகளுக்குப் பொறுப்பு வேறு ஆட்கள். எது யாருடையது என்று பார்க்காமல் மாற்றி அனுப்பிவிட்டேன். நாலு நாள் வீண், அது என் தப்பு. அடுத்த முறை தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணையும் எழுதினேன். இடம் தேடி அலைய வேண்டாம் பாருங்கள்.

சாலை போடுகிறவர்கள் வந்தார்கள். மூட்டையைக் கிழித்து, சூடுபடுத்தாத தார்க்கலவையைத் தண்ணீர் நின்ற குழியிலேயே கொட்டி, மண்வெட்டியால் தட்டி, லோரியை ஒருதடவை மேலே ஏற்றினார்கள். பத்து நிமிடம், அதில் போட்டோவுக்கே இரண்டு நிமிடம். 'தீர்ந்தது' என்று செய்தியும் வந்தது. மூன்று வாரத்தில் எல்லாம் பெயர்ந்து, சிதறிய கல்லில் மோட்டார் வழுக்கியது. இதற்கு ஒரு நட்சத்திரம், வந்த காலுக்காக.

படத்தோடு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை இரவில் வேறு ஆட்கள். சாலையோர ஒட்டுக்கடை அண்ணன் கூப்பிட, போய் நின்று பார்த்தேன். இயந்திரத்தால் சதுரமாக வெட்டி, இளகியதையெல்லாம் தோண்டியெடுத்து, உள்ளே காயவைத்து, பக்கவாட்டில் ஒட்டுத்தார் பூசி, ஆவி பறக்கும் பிரிமிக்ஸ் தார்க்கலவையை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் அதிரும் தகட்டால் இறுக்கினார்கள்.

“ஏன் தம்பி, நல்லா இருக்கிற இடத்தையும் வெட்டுறீங்க?”

“ஓரம் நேரா இறங்கினாத்தான் பிடிக்கும்க்கா. மெலிசா விட்டா அங்கேருந்தே பேர்ந்துக்கும்.”

ஐந்து மாதமாகப் பேருந்து அதன்மேல்தான் நிற்கிறது. அசையவில்லை. நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன்.

ஐந்தாவதைப் பிடித்து வைத்ததற்குக் காரணம் பக்கத்துக் கால்வாய். அதன் வாய் மண்ணடைத்துக் கிடக்கிறது. தேங்கும் தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி அடியிலுள்ள சல்லியை இளக்க, வண்டி ஏற ஏறத் தார் உடைகிறது. கேட்டதற்கு, “கால்வாய் எங்க வேலையில்லக்கா” என்றார் அதே தம்பி. சரி. புதுச் சதுரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி இப்போது சிலந்திவலை போல ஒரு விரிசல். கம்பத்தின் எண்ணை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை.