நார்வேக் கரையோரப் பயணம்: பெரிய சொகுசுக் கப்பலா, ஊர் ஊராக நிற்கும் கரையோரக் கப்பலா?

நார்வேயின் நீண்ட மேற்குக் கரையைக் கப்பலில் சென்று பார்க்க விரும்பும் தம்பதியருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. சவுத்தாம்ப்டன், ஹாம்பர்க், கோபன்ஹேகன் போன்ற துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு, ஒரு வாரத்தில் நான்கைந்து ஊர்களைக் காட்டித் திரும்பும் பெரிய சொகுசுக் கப்பல் ஒரு வழி. பெர்கனுக்கும், ரஷ்ய எல்லையை ஒட்டியுள்ள கிர்க்கெனஸுக்கும் இடையே 34 துறைகளில் நின்று, சரக்கையும் உள்ளூர் மக்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் கரையோரக் கப்பல் மற்றொரு வழி. நானும் என் மனைவியும் வெவ்வேறு ஆண்டுகளில் இரண்டிலும் சென்று வந்திருக்கிறோம். விளம்பரங்களில் அறையின் அளவும் உணவின் வகைகளும்தான் பெரிதாகத் தெரியும் என்றாலும், அந்த அனுபவத்துக்குப் பிறகு, கரையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அது பகலின் எந்தப் பகுதியில் கிடைக்கிறது என்பதை வைத்தே இவ்விரண்டையும் எடைபோடுகிறேன்.

பெரிய கப்பல் நிற்கும் ஊர்கள் குறைவு. நிற்கும் நேரம் அதிகம். காலையில் கட்டி மாலையில் அவிழ்ப்பதால், ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ எட்டு மணி நேரம் கையில் இருக்கும். இதன் பலனை முழுமையாக உணர்ந்தது ஃப்ளோம் என்ற சிற்றூரில். அங்கிருந்து மலையேறும் ரயில் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 866 மீட்டர் உயரத்தை எட்டி, பெர்கன்–ஆஸ்லோ பாதையில் உள்ள மிர்தால் நிலையத்தில் சேர்கிறது. முழங்கால் வலியால் மலைப்பாதையில் இறங்க முடியாத என் மனைவி, திரும்பும் வழியில், “நீங்க நடந்து வாங்க, நான் ரயில்லயே போய்க் கீழ இருக்கேன்” என்று சொல்லி என்னை அனுப்பி வைத்தார். பாதி வழியில் உள்ள பெரெக்வாமில் இறங்கி, ஆற்றை ஒட்டிய பாதையில் நான் நடந்து வந்து சேர்ந்தபோது அவர் கப்பல்துறைக்கு அருகே ஒரு பெஞ்சில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். கப்பல் புறப்பட அதற்குப் பிறகும் நேரம் மிச்சமிருந்தது. ஒருவர் நடக்க விரும்பி, மற்றவர் உட்கார விரும்பினால், இருவருக்கும் குறைவில்லாமல் ஒரு பகலைப் பிரித்துக் கொடுக்க நீண்ட நிறுத்தத்தால்தான் முடியும்.

கெய்ராங்கரில் நிலைமை வேறு. குளிர்காலத்தில் சுமார் 250 பேர் மட்டுமே வாழும் அந்த ஊரில், ஒரே கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இறங்கும்போது பேருந்துக்கும் கழிப்பறைக்கும் வரிசை நீள்கிறது. அங்கே உண்மையான காட்சி ஊரில் கிடையாது. கப்பல் ஃபியோர்டுக்குள், அதாவது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து உருவான குறுகிய நீர்வழிக்குள், நுழையும் அதிகாலை நேரத்தில்தான் இருக்கிறது. உள்ளே போகும்போது இடப்புறம் ஏழு சகோதரிகள் அருவியும், வலப்புறம் அவர்களை மணக்கக் காத்து நிற்பதாக ஊரார் கதை சொல்லும் காதலன் அருவியும் விழுகின்றன. பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் ஒரு பக்கத்தை மட்டுமே பார்ப்பார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விடுவதே நல்லது. பனி உருகும் மே முதல் ஜூலை வரை அருவிகள் நிறைந்து விழும்; ஆகஸ்ட் இறுதியில் சில தாரைகள் நூலாக இளைத்துவிடும்.

கரையோரக் கப்பலின் இயல்பைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1893 ஜூலை 2 அன்று, ரிச்சர்ட் வித் என்ற கேப்டனின் நீராவிக் கப்பல் ட்ராண்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்குப் புறப்பட்டது. சாலையே இல்லாத கரைக்குக் கடிதமும் மருந்தும் மீன் வணிகமும் இரவு பகல் என்று பாராமல் ஓடவேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்றும் ஹுர்ட்டிக்ரூட்டன், ஹவிலா என்ற இரு நிறுவனங்களின் 11 கப்பல்கள் அரசு ஒப்பந்தத்தின் கீழ் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. கால அட்டவணை உள்ளூர் மக்களுக்காகப் போடப்பட்டது. பயணிகள் அதற்குள் பொருந்திக்கொள்ள வேண்டும்.

அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. வடக்கே போகும் வழியில் நான்காம் நாள் காலை கப்பல் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்ததும், மேல்தளத்தில் நிற்பவர்களின் சட்டைக் கழுத்துக்குள் கரண்டியால் பனிக்கட்டியை நீரோடு ஊற்றும் சடங்கு நடந்தது. என் மனைவி எனக்கு முன்னால் வரிசையில் போய் நின்றார். சற்று நேரத்தில் ஓர்னெஸ் என்ற சிறு துறையில் கப்பல் ஒட்டியது. பக்கவாட்டுக் கதவு திறந்து, ஒரு சரக்குத்தூக்கி வண்டி பிளாஸ்டிக் சுற்றிய துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை மெதுவாக இறக்கி வைத்தது. விளையாட்டுப் பைகளோடு இரு சிறுவர்கள் ஏறினார்கள். ஒரு மூதாட்டி இறங்கி, தனக்காகக் காத்திருந்த காரை நோக்கி நடந்தார். கால் மணி நேரத்தில் கயிறு அவிழ்ந்துவிட்டது. அந்தக் கரையில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பெரிய கப்பலின் ஒரு வாரத்தை விட இந்தக் கால் மணி நேரம் எங்களுக்கு அதிகமாகக் காட்டியது.

ஆனால் நேரக் கணக்கு கறாரானது. வடக்கு நோக்கிய பயணத்தில் ட்ராண்ட்ஹெய்மில் சுமார் மூன்று மணி நேரம் கிடைக்கும். நிதாரோஸ் பேராலயத்துக்கு நடந்து போய் வர அது போதும். ட்ரோம்சோவில் நான்கு மணி நேரம் வரை இருப்பதால், பாலத்தைக் கடந்து 1965இல் எழுந்த ஆர்க்டிக் தேவாலயத்தைப் பார்க்கலாம். ஹொன்னிங்ஸ்வோக்கில் மூன்றரை மணி நேரம் நின்றாலும், 307 மீட்டர் உயரப் பாறை விளிம்பான நார்த் கேப் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ளதால் பாதி நேரம் பேருந்திலேயே கழியும். மற்ற ஊர்களில் பெரும்பாலும் கால் வீசி நடக்க மட்டுமே இயலும்.

முன்பதிவு செய்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வடக்கே போகும்போது இரவில் கடக்கும் துறைகளைக் கப்பல் தெற்கே திரும்பும்போது பகலில் கடக்கும்படி அட்டவணை அமைந்துள்ளது. வெஸ்டெரோலன் தீவுகள், ராஃப்ட் நீரிணை, வாயில் ஏறத்தாழ 100 மீட்டர் அகலமே உள்ள ட்ரோல் ஃபியோர்டு ஆகியவை பகலில் கிடைப்பது தெற்கு நோக்கிய பயணத்தில்தான். பெரிய சொகுசுக் கப்பல்களால் அந்த ஃபியோர்டுக்குள் நுழையவே முடியாது. 12 நாள் முழுச் சுற்று முடியாதவர்கள் வழக்கமாக வடக்கு நோக்கிய பாதியை மட்டும் வாங்குகிறார்கள். இறங்கி ஊர்களைப் பார்க்க அது சரியே. தளத்தில் சாய்ந்து கரையைப் பார்ப்பதற்கென்று போகும் இருவருக்குத் தெற்கு நோக்கிய பாதியையே நான் சொல்வேன்.

கப்பல் வாழ்க்கையில் பெரிய கப்பலுக்கே வசதி அதிகம். அரங்கு, நீச்சல் குளம், பல உணவகங்கள், மருத்துவ மையம் எல்லாம் அதில் உண்டு. கரையோரக் கப்பலில் மருத்துவர் கிடையாது. துறைகள் அருகருகே இருப்பதால் நோயாளியைக் கரையில் சேர்த்துவிடுவார்கள். தொடர் மருந்தோ நெருக்கமான கவனிப்போ தேவைப்படும் துணையோடு செல்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். கீழ்த்தள அறை எடுத்தால், நள்ளிரவு நிறுத்தங்களில் சரக்குக் கதவின் ஓசையும் உந்துவிசிறியின் அதிர்வும் தூக்கத்தைக் கலைக்கும்; நடுப்பகுதியில் ஒரு தளம் மேலே எடுப்பது நல்லது. கரையோரக் கப்பல் சிறியது என்பதால், ஹுஸ்டாட்விகா, லோஃபோட்டன் தீவுகளுக்கு முந்தைய வெஸ்ட் ஃபியோர்டு போன்ற திறந்த கடற்பகுதிகளில் ஆட்டமும் கூடுதலாகத் தெரியும். பெரிய கப்பலையும் ஹுஸ்டாட்விகா விட்டுவைப்பதில்லை. 2019 மார்ச்சில் அங்கே இயந்திரம் நின்றுபோன ஒரு பெரிய கப்பலிலிருந்து நூற்றுக்கணக்கானோரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது.

விசா தேவைப்படுபவர்கள் புறப்படும் துறைமுகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். சவுத்தாம்ப்டனிலிருந்து என்றால் பிரிட்டன் விசாவும், நார்வே உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் சேர்ந்து வேண்டியிருக்கும். பெர்கனில் ஏறினால் ஷெங்கன் ஒன்றே போதும்.

இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் போகலாம் என்று இருப்பவர்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுகளைச் சார்ந்த பாரம்பரிய நீர்ப்பகுதிகளில், மொத்தக் கொள்ளளவு 10,000 டன்னுக்குக் குறைவான பயணிகள் கப்பல்கள் 2026 முதல் புகை உமிழாமல் செல்ல வேண்டும். பெரியவற்றுக்கு அந்தக் கெடு 2032. ஃப்ளோமும் இந்த எல்லைக்குள் வருகிறது. அந்தக் கெடுவுக்குப் பிறகு போகும் பெரிய கப்பல்கள் ஓல்டன் போன்ற வேறு ஊர்களுக்கு மாறக்கூடும் என்பதால், நிறுத்தப் பட்டியலை ஊர் ஊராகப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. இன்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வதும் அதைத்தான். கரையோரக் கப்பலில் துறைக்குத் துறை பயணச்சீட்டு வாங்கலாம். கப்பல் தினமும் வருவதால், விரும்பிய ஊரில் இறங்கித் தங்கி, ஓரிரு நாள் கழித்து அதே நேரத்துக்கு வரும் அடுத்த கப்பலில் ஏறிக்கொள்ளலாம். பெரிய கப்பல் தரும் நீண்ட கரை நேரமும், சிறிய கப்பல் காட்டும் கரை வாழ்க்கையும் இதில் சேர்ந்து கிடைக்கின்றன. கோடையில் அறைகள் நிரம்பிவிடும். இரண்டு பகுதிகளுக்குமான சீட்டை ஒரே நேரத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.

நாங்கள் லோஃபோட்டனில் உள்ள ஸ்வொல்வேரில் ஒரு ஜூன் இரவு இறங்கி, இரண்டு இரவுகள் தங்கினோம். மூன்றாம் இரவு, மறையாத சூரியன் மலைகளின் மேல் மஞ்சளாகச் சாய்ந்திருக்க, கப்பல்துறையில் பெட்டிகளோடு நின்றிருந்தபோது, அதே நேரத்துக்கு அடுத்த கப்பல் தீவுகளுக்கு இடையே திரும்பி வருவதை என் மனைவிதான் முதலில் பார்த்தார்.