ரவுண்டான எண்ணில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டாப் லாஸ்: ஒரு டிரேடிங் செயலியின் மதிப்புரை

ஆறு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் இந்த டிரேடிங் செயலியில் சார்ட் தெளிவாக இருக்கிறது, ஆர்டர்கள் தாமதமின்றிப் போகின்றன. அவற்றில் குறை இல்லை. என் வருத்தமெல்லாம் ஸ்டாப் லாஸ் கோட்டைப் பற்றியதுதான்: விலை அந்தக் கோட்டுக்கு இறங்கினால், நஷ்டம் பெருகாமலிருக்கப் பங்கு தானாகவே விற்கப்படும்.

சார்ட்டில் அந்தக் கோட்டை விரலால் இழுத்தால், அருகிலுள்ள ரவுண்டான எண்ணில் அது தானாகவே ஒட்டிக்கொள்கிறது. 104-க்கு வாங்கிய பங்குக்கு 99.20-இல் ஸ்டாப் லாஸ் வைக்க எண்ணி இழுத்தேன். விரலை எடுத்ததும் கோடு 100-இல் போய் நின்றதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் விலை 99.95-ஐத் தொட்டு, என் பங்கை விற்கவைத்து, சந்தை முடிவதற்குள் 105-ஐத் தாண்டிவிட்டது.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 101-இலிருந்து 100-க்கு இறங்குவதும் 100-இலிருந்து 99-க்கு இறங்குவதும் ஒரே அளவுதான் என்றாலும், மூன்று இலக்கம் இரண்டாகச் சுருங்குவது மனதுக்குப் பெரும் சரிவாகப் படுகிறது. அதனால்தான் பலரும் அந்த எண்ணையே எல்லையாகக் கொள்கிறார்கள். நாணயச் சந்தை ஆர்டர்களை ஆராய்ந்த பொருளியலாளர் கரோல் ஆஸ்லர், லாபத்தை எடுத்துக்கொள்ளும் ஆர்டர்கள் ரவுண்டான எண்களிலேயே குவிவதையும், ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் அவற்றைச் சற்றுத் தாண்டிக் குவிவதையும் 2003-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். விலை அத்தகைய எண்ணில் அடிக்கடி திரும்புவதற்கும், அதை உடைத்துவிட்டால் வேகமெடுப்பதற்கும் இது காரணமாகிறது. ஆக, விலை திரும்ப வாய்ப்புள்ள இடத்திலேயே நம்மை வெளியேற்றும்படி இந்தச் செயலி கோட்டைப் பொருத்துகிறது. (அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1966-இல் வர்த்தக நேரத்தில் 1000-ஐத் தொட்டும், அதற்கு மேல் முடிவடைய 1972 நவம்பர் வரை ஆனதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.)

விலை அலர்ட்டும் இப்படித்தான் ரவுண்டான எண்ணில் ஒட்டுகிறது. ஆனால் அங்கே அது நன்மையே, ஏனெனில் கூட்டம் கூடுமிடத்தில் விழித்திருப்பது நல்லது. ஒவ்வொரு விலையிலும் காத்திருக்கும் ஆர்டர்களின் அளவைக் காட்டும் மார்க்கெட் டெப்த் திரையும் பாராட்டத்தக்கது: 100-க்கு நேரே உள்ள பட்டை மற்றவற்றைவிட நீண்டிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், காத்திருக்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் மட்டும் அதில் தெரியாது.

ஒட்டிக்கொள்ளும் வசதியை நிறுத்த முடியும். அந்தப் பொத்தான் அமைப்புகளுக்குள் நான்காவது பக்கத்தில் இருக்கிறது; புதியவர்கள் முதல் ஆர்டருக்கு முன்பே அதை அணைத்துவிட வேண்டும். அதை இயல்பாகவே அணைத்துத் தரும்வரை ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்களுக்கு மேல் என்னால் தர இயலாது.