கிட்டில் இல்லாத ஆப்ஜெக்ட்: ஷேலோவா, பார்ஷியலா, ஆல்டர்னேட்டா?

கோட் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் (ஒரு சேமிப்புப் புள்ளி) தன் பேரண்டையும் (முந்தைய கமிட்) ஒரு ட்ரீயையும் (ஃபோல்டர் பட்டியல்) ஹாஷ் மூலம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம் மூலம், சுட்டுகிறது. ட்ரீ, பிளாப்களை (ஃபைல்களின் உள்ளடக்கம்) சுட்டுகிறது. இவை எல்லாமே ஆப்ஜெக்ட்டுகள். சுட்டிய ஆப்ஜெக்ட் டிஸ்கில் இல்லையென்றால் ரெப்போ (புராஜெக்ட்டின் மொத்தக் களஞ்சியம்) பழுது என்பதே கிட்டின் அடிப்படைச் சட்டம். பெரிய ரெப்போவில் இது கட்டுப்படியாகாது. அதனால் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிட ஷேலோ குளோன், ஆல்டர்னேட், பார்ஷியல் குளோன் என்ற வழிகள் வந்தன. ஒரு ஆப்ஜெக்ட் தொலைந்ததா, தெரிந்தே விட்டதா என்பதை எங்கே குறித்துவைப்பது? மூன்று வழிகளும் பிரிவது இந்த இடத்தில்தான்.

டெப்த் 1 கொடுத்து, கடைசிக் கமிட்டை மட்டும் நகலெடுக்கும் ஷேலோ குளோனில், கமிட்டுக்குள் பேரண்ட் ஹாஷ் அப்படியே இருக்கும்; அதைத் தொட்டால் கமிட்டின் ஹாஷே மாறிவிடும். டாட்-கிட் ஃபோல்டரில் உள்ள ஷேலோ என்ற ஃபைலில் எல்லைக் கமிட்டுகளின் ஹாஷ் இருக்கும். அவற்றுக்கு பேரண்டே கிடையாது என்று கிட் பாவித்துக்கொள்ளும். கோடைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ பில்டுக்கு இது போதும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஆகாது: எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் பிளேம் போட்டால் பழைய வரிகள் எல்லாம் எல்லைக் கமிட்காரர் தலையில் விழும். இரண்டு பிராஞ்சுகளின் பொது மூதாதை எல்லைக்கு அப்பால் இருந்தால், தொடர்பில்லாத வரலாறு என்று சொல்லி மெர்ஜும் மறுத்துவிடும்.

ஆல்டர்னேட் இன்னும் மோசம். பக்கத்து ரெப்போவின் ஆப்ஜெக்ட் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவைப்பதுதான் மொத்த ஏற்பாடும். கடன் கொடுத்தவருக்குக் கடன் வாங்கியவர் யாரென்று தெரியாது. அங்கே ஒரு பிராஞ்சை அழித்து, யாரும் சுட்டாதவற்றைத் துடைக்கும் ஜிசி ஓடி, இரண்டு வாரக் கெடு தாண்டிய ஆப்ஜெக்ட்டுகள் போய்விட்டால், இங்கே ரெப்போ உடையும். அதே மெஷினில் இடம் மிச்சம் பிடிக்க, ஒரே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர் தரும் வொர்க்ட்ரீயே மேல். எது பயன்பாட்டில் இருக்கிறது என்று ஜிசிக்குத் தெரியும்.

2018-ல் கிட் 2.17-உடன் வந்த பார்ஷியல் குளோனுக்குத்தான் என் ஓட்டு. பிளாப்களை முன்கூட்டி அனுப்பாதே என்று சொல்லும் பிளாப்-நன் ஃபில்டரில் கமிட்டும் ட்ரீயும் முழுதாக வரும். செக்-அவுட்டுக்கு (ஃபைல்களை வேலை ஃபோல்டரில் விரிப்பது) வேண்டிய பிளாப்கள் மட்டும் இறங்கும். வந்த பேக் ஃபைலுக்கு (ஆப்ஜெக்ட்டுகளின் கட்டு) பக்கத்தில் டாட்-ப்ராமிசர் என்று ஒரு குறி ஃபைல் இருக்கும். அந்தப் பேக்கிலுள்ளவை சுட்டும் ஆப்ஜெக்ட் இங்கே இல்லாவிட்டாலும், ரிமோட் (குளோன் எடுத்த சர்வர்) தருவதாக வாக்களித்தது என்று, பழுது தேடும் எஃப்எஸ்-செக் கட்டளை விட்டுவிடும். நீங்கள் எழுதி இன்னும் புஷ் செய்யாத கமிட்டின் பிளாப் காணாமல் போனால் அந்தச் சலுகை கிடையாது. வழக்கம்போல் மிஸ்ஸிங் என்று கத்தும். தொலைந்ததையும் விட்டதையும் இவ்வளவு நேர்த்தியாகப் பிரிப்பது இது ஒன்றுதான்.

தொல்லை நெட்வொர்க்கில். செக்-அவுட் தேவையான பிளாப்களை மொத்தமாகக் கேட்கும்; பிளேம் ஒவ்வொன்றாகக் கேட்டு உயிரை எடுக்கும். ரயிலில் சிக்னல் இல்லையென்றால் பழைய டிஃப்கூடத் திறக்காது. 2025-ல் கிட் 2.49-இல் வந்த பேக்ஃபில் கட்டளை, விட்டுப்போன பிளாப்களைக் கட்டுக்கட்டாக இறக்கித் தருகிறது. பயணத்துக்கு முன் இதை ஒருமுறை ஓடவிடுங்கள்.