பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிக் கணிதம்: எந்த வழி கைகொடுக்கும்?

பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தின் இரண்டாம் அலகிலேயே, மாறும் அளவுகளைக் கையாளும் நுண்கணிதத்தின் இரு பகுதிகளான வகையீடும் தொகையீடும் தலைகாட்டுகின்றன. அதே ஆண்டின் கணிதப் புத்தகமோ அவற்றை இரண்டாம் தொகுதியில்தான் தொடுகிறது. பெரும்பாலான மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து இந்த இடைவெளியைத் தாண்டிவிடுகிறார்கள். சிலர் மட்டும் நின்று, இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ராமேஸ்வரம் என்று நம் கடற்கரையிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கல்லூரிப் பாடத்தை முன்கூட்டியே படிக்க ஆசைப்பட்டால் எந்த வழியில் போவது என்பதுதான் இங்கே கேள்வி.

நுழைவுத் தேர்வுப் பயிற்சியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஜேஇஇ பயிற்சி பள்ளிப் பாடத்தையே ஆழமாகவும் வேகமாகவும் கேட்பது. அது வேறு வேலை.

முதலில் பலரும் சொல்வது என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் இணையப் பாடங்கள் இவை. சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. வாரக் கெடு இருப்பதால் ஒழுங்கு தானாக வரும். சில பாடங்களின் உரைகள் தமிழிலும் எழுத்து வடிவில் கிடைப்பது தமிழ்வழி மாணவருக்குப் பெரிய துணை.

ஆனால் அதன் காலண்டர் நமக்கு ஒத்துவராது. ஜூலையில் தொடங்கும் பருவம் காலாண்டுத் தேர்வோடு மோதும். ஜனவரியில் தொடங்கும் பருவம் பிளஸ் டூ பொதுத்தேர்வின் மேலேயே வந்து விழும், அதன் தேர்வும் ஏப்ரலை ஒட்டி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீட்டில் கையிருப்பு குறையும் அந்த நாட்களில், தேர்வுக் கட்டணமும் மதுரை வரை போய்வரும் செலவும் சிறிய தொகை அல்ல. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பயிற்சிகளில் பெரும்பாலானவற்றைக் கணினியே திருத்துகிறது. விடை சரியா என்று அது சொல்லும். நீங்கள் எழுதிய நிரூபணத்தின் மூன்றாம் வரி ஏன் நிற்காது என்று சொல்லாது.

அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பாடங்கள் இந்த விஷயத்தில் சற்று மேல். அங்கே பாடங்களுக்கு எண்கள்தான் பெயர்: ஒரு மாறி நுண்கணிதத்துக்கு 18.01, பல மாறிக்கு 18.02, இயக்கவியலுக்கு 8.01, மின்காந்தவியலுக்கு 8.02. கணக்குத் தாள்களும் பல பாடங்களில் அவற்றின் முழுத் தீர்வுகளும் கிடைக்கின்றன. பதிவிறக்கி வைத்துக்கொண்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்னல் போனாலும் படிப்பு நிற்காது. கெடு கிடையாது என்பதால் பள்ளித் தேர்வு வரும்போது மூடி வைத்துவிட்டுப் பிறகு தொடரலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால், எழுத்துரையை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். ஆபத்து ஒன்றுதான்: ஐந்து நிமிடம் திணறியதும் தீர்வுத் தாளைத் திறந்துவிடுவது. அப்படிப் படித்த கணக்கு கைக்கு வராது.

என் மனம் சாய்வது மூன்றாவது வழியின் பக்கம்: அருகிலுள்ள கல்லூரியின் ஆசிரியர். ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கீழக்கரையிலும் திருவாடானையிலும் கல்லூரிகள் உள்ளன. இருபது பக்கம் எழுதிய நோட்டைப் படித்துப் பார்த்து, “இங்கே எல்லை மதிப்பு இருக்கிறது என்று நீயாகவே எடுத்துக்கொண்டாயே, அதை எங்கே நிறுவினாய்?” என்று தமிழில் கேட்க ஒரு மனிதர் வேண்டும். அந்த ஒரு கேள்வி, ஒரு மாத வீடியோவுக்குச் சமம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவரைப் பார்க்கக் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. செய்துபார்த்த கணக்குகளையும், எங்கே சிக்கியது என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு, அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போகலாம். மே மாதத்தில் கல்லூரியும் விடுமுறையில் இருக்கும், அதனால் முன்னதாகவே பேசி வைப்பது நல்லது.

எந்த வழியில் போனாலும் கணிதம் ஒரு படி முன்னே நடக்க வேண்டும். பாம்பன் பழைய ரயில் பாலத்தின் இரண்டு இறக்கைகளும் எதிர் எடையின் துணையோடு மேலே எழுந்தன. ஒரு பொருளைச் சுழற்றும் திருப்பு விசையைப் பள்ளிப் புத்தகம் சொல்லித்தருகிறது. ஆனால் நீளம் நெடுக எடை சீரில்லாமல் பரவிய இறக்கைக்கு, சாய்வு மாற மாற அது எவ்வளவு என்று கணிக்கத் தொகையீடு வேண்டும். இதைச் செய்து பார்த்தவன் 8.01 பாடத்துக்குத் தயார். அதற்கு முன்பே குவாண்டம் இயற்பியலுக்குத் தாவுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே என் தேர்வு இது. பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில் 18.01, கூடவே ஓர் ஆசிரியரின் திருத்தம். என்பிடெல் வேண்டுமானால் தேர்வுக்குப் பதியாமல் விளக்கம் கேட்க மட்டும். பிளஸ் டூவில் இன்னும் நிதானம் தேவை. பொறியியல் தரவரிசையின் 200 மதிப்பெண்ணில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கல்லூரி நுண்கணிதம் அதில் ஒரு மதிப்பெண்ணும் சேர்க்காது, ஆனால் அதற்காக ஒதுக்கிவைத்த வேதியியல் கண்டிப்பாகக் குறைக்கும். பிளஸ் டூ கணிதப் புத்தகத்திலேயே பகுதி வகைக்கெழுவும் வகைக்கெழுச் சமன்பாடும் இருக்கின்றன. அந்த ஆண்டு அவற்றை நிரூபணத்தோடு படிப்பதே கல்லூரிப் படிப்புதான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மற்றதையெல்லாம் மூடிவிடலாம்.

ராமேஸ்வரம் தீவுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ராமநாதபுரம் வரை வாராவாரம் பஸ் ஏறுவது கடினம். அங்கே முதலில் கேட்க வேண்டியவர் பள்ளியின் முதுகலைக் கணித ஆசிரியர். அவரும் இந்தப் பாடங்களையெல்லாம் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்தான். வாரம் ஒரு மாலை நோட்டைப் பார்த்துத் தர முடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள்.