குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் மரம் கழிக்க ஆள் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

மழைக்கு முன்னால் வீட்டு மரத்தைக் கழித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். பணம் போன கடுப்பு இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எங்கள் வீட்டில் அப்பா வைத்த மாமரம் ஒன்று, பின்பக்கம் இரண்டு தென்னை. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எதிர் வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு அக்டோபர் பிறந்தாலே பயம். "மாடிப் பக்கம் வந்த கிளையை மட்டும் எடுத்துடு" என்று இந்த முறையும் தினமும் ஒரு தடவை சொன்னார். வழக்கமாகத் தேங்காய் பறிக்க வரும் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். தெருமுனை ஈபி கம்பத்தில் நீல எழுத்தில் ஒரு நோட்டீஸ்: மரம் வெட்ட, கிளை கழிக்க, தென்னைக்கு மருந்து வைக்க என்று. சரி என்று கூப்பிட்டேன்.

மரத்தைப் பார்க்காமலே போனில் 3,500 ரூபாய் என்றார். "எல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டேன். "வந்து பேசிக்கலாம் மேடம்." நானும் விட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பிறகு தண்டம் கட்டினேன்.

மறுநாள் காலை குட்டியானை வண்டியில் நாலு பேர் வந்தார்கள். ஒரு கிளை கரண்ட் கம்பியை உரசிக்கொண்டிருக்கும், ஈபியில் சொல்லி லைனை நிறுத்தினீர்களா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். சொல்லியாச்சு என்றார். உள்ளே போனால் ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது! வெளியே ஓடிவந்து கத்துவதற்குள் பத்தொன்பது இருபது வயது இருக்கும் ஒரு பையன், இடுப்பில் கயிறுகூட இல்லாமல், பாதி மரம் ஏறிவிட்டான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது? இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கம்பிப் பக்கம் போகவே கூடாது என்று சத்தம் போட்டு அந்தக் கிளையை மட்டும் விடவைத்தேன்.

அவர்களுக்கு டீ போட உள்ளே போனேன். பெரிய சத்தம். மாடிப் பக்கக் கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்திருக்கிறார்கள், பாதி அறுத்ததுமே கனம் தாங்காமல் கிளை முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் இரண்டு முழத்துக்கு உரித்துக்கொண்டு, கீழே சன்ஷேடு முனையை உடைத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. ஈரமான வெள்ளை மரம் பளபளவென்று தெரிந்தது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். அதோடு நிறுத்தினார்களா? "காத்துக்கு ஆடாம இருக்கும்" என்று உச்சியையும் சுற்றிலும் வெட்டி, மொட்டைத் தலையாக்கித்தான் இறங்கினார்கள்.

அடுத்து தென்னை. அடியில் காய்ந்து தொங்கிய இரண்டு மட்டையைக் காட்டி, "சிவப்புக் கூன்வண்டு விழுந்திருக்கு மேடம், விட்டா ரெண்டு மாசத்துல மரம் போயிடும்" என்றார். மரத்துக்கு 1,800 ரூபாய். நான் பயந்துவிட்டேன். வேரைத் தோண்டி, ஒரு பாலிதீன் பையில் வெள்ளையாக ஏதோ ஊற்றிக் கட்டினார்கள். பையன் மேலே ஏற வசதியாக அரிவாளால் தண்டில் படி படியாகக் கொத்திக்கொண்டே போனான். இறக்கிய இளநீரில் ஒன்றை வெட்டி மேஸ்திரியே என் கையில் கொடுத்தார். "குடிங்க. இனிமே எப்ப வேணா பறிச்சுக்கலாம்."

கணக்கு வந்தது, 14,600 ரூபாய். மாமரத்துக்குக் கிளைக் கணக்காம். மருந்து தனி, வண்டி தனி. வண்டி எதற்கு என்று வெளியே எட்டிப்பார்த்தால், கனமான கட்டையெல்லாம் குட்டியானையில் ஏறி ஏற்கெனவே போய்விட்டது. தழையும் சுள்ளியும் மட்டும் தெருவை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதை அள்ள இன்னும் 3,000 கேட்டார். காசாகிற கட்டையை எடுத்துக்கொள்வதற்கு நான் வண்டி வாடகை கொடுக்க வேண்டும்! சன்ஷேடைப் பற்றிப் பேசினால் நாலு பேரும் கேட்டை மறித்த மாதிரி நின்றார்கள். அம்மா பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். பேரம் பேசி 12,000 ஜிபேயில் போட்டேன். சாயங்காலம் கூப்பிட்டால் போன் சுவிட்ச் ஆஃப். தழையை அள்ள வேறு ஆள் பிடித்து 1,500.

இரண்டு நாள் கழித்து பேராவூரணியிலிருந்து சித்தப்பா வந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர், 2018 கஜா புயலில் பாதிக்கு மேல் பறிகொடுத்தவர். நான் கதையைச் சொல்ல, அவர் கேட்டது ஒரே கேள்வி: "மருந்து கட்டினவன் 45 நாளைக்குக் காய் பறிக்காதேன்னு சொன்னானா?" இல்லை என்றேன். சிரித்துவிட்டார். வேரில் பூச்சி மருந்து கட்டினால் அந்தக் கெடு இல்லாமல் யாரும் காயைத் தொடமாட்டார்களாம். தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை விடும், அடிமட்டை பழுத்துக் காய்ந்து விழுவது அதன் இயல்பு. கூன்வண்டு விழுந்திருந்தால் தண்டில் ஓட்டை தெரியும், செம்பழுப்பாகச் சாறு வடியும், மென்று துப்பிய நார் வெளியே தள்ளியிருக்கும், காதை வைத்தால் உள்ளே கடிக்கிற சத்தம்கூடக் கேட்கும் என்றார். எங்கள் மரத்தில் காதை வைத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தப் படிக் கொத்துகளைத் தடவிப் பார்த்தபோதுதான் முகம் மாறியது. தென்னந்தண்டில் பட்ட வெட்டு ஆறி மூடாது. கூன்வண்டு முட்டை வைக்கத் தேடுவதே இந்த மாதிரிக் காயத்தைத்தான். இல்லாத வண்டுக்கு மருந்து என்று காசு வாங்கியவன், வண்டுக்கு வாசலையும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மாமரத்தில் என் தப்பும் உண்டு. காய் முடிந்ததும் ஆடி வாக்கில் கழித்திருக்க வேண்டியது, தையில் பூக்கிற மரத்தை ஐப்பசியில் வெட்டினால் பூ எங்கிருந்து வரும் என்று சித்தப்பா திட்டினார். பெரிய கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் மேலே அறுக்க வேண்டுமாம், அப்போதுதான் பட்டை உரியாது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்று பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, காயம் முழுக்க அவரே பூசிவிட்டார். நீலமாகக் கட்டுப் போட்ட மாதிரி நிற்கிறது மரம். வெட்டிய இடத்திலெல்லாம் இப்போது கொத்துக் கொத்தாகத் துளிர் வருகிறது. அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் அந்தக் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது, பெருத்தால் காற்றில் முதலில் ஒடிவது அதுதான், பாதியைக் கிள்ளிவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆள் வைக்கும் முன் நேரில் வந்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கிளை, மொத்தம் எவ்வளவு, கட்டை யாருக்கு, தழையை யார் அள்ளுவது, நாலையும் வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். ஏறுபவருக்குக் கயிறு இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மருந்து என்று வாயெடுத்தால், எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்று கேளுங்கள்.

நேற்று ராதா நகர் பக்கம் போனபோது ஒரு கம்பத்தில் அதே நீல எழுத்து நோட்டீஸ், நம்பர் மட்டும் வேறு. கிழித்துவிட்டு வந்தேன். பக்கத்துக் கம்பத்திலும் இருந்தது, அது கைக்கு எட்டவில்லை.